நாற்பது துளை

டயரைக் கழற்றி, ரிம்மின் உட்புறம் ஒட்டிக்கிடந்த ரப்பர் நாடாவை உரித்ததும், வருஷக்கணக்கில் தண்ணீரில் ஊறிய இரும்பின் வாடை குப்பென்று வந்தது, உடனே நான் திருவொற்றியூரில் பெரியப்பா வீட்டுத் திண்ணையோரம் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கும் எட்டு வயதுப் பையனாகிவிட்டேன்.

பெரியப்பாவின் புல்லட் இது. 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவில், இங்கிலாந்திலிருந்து வந்த உதிரிகளைப் பூட்டி வண்டி செய்த காலத்தை அவர் கல்யாணக் கதைபோலச் சொல்வார், சொல்லிக்கொண்டே பழைய வேட்டித் துணியில் எண்ணெய் தொட்டு, மேற்கு வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ரிம்மைத் துடைப்பார், கடல் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் ஒருநாள்கூடத் தவறமாட்டார். “மினுக்குறது குரோமியம், காப்பாத்துறது அடியில இருக்கிற நிக்கல்டா” என்பார், மூக்குப்பொடியும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனையோடு.

துடைத்து முடித்ததும் போக்ஸ் கம்பிகளை விரலால் சுண்டிப் பார்ப்பார், அந்தச் சத்தம் என்னை மாயவரத்துக்கு, விடுமுறையில் வாடகை சைக்கிள் எடுத்த கடைக்குக் கொண்டுபோகிறது, பஞ்சர் சொல்யூஷன் மணக்கும் அந்த இருட்டில் கடைக்காரத் தாத்தா சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டம் எடுப்பார், தளர்ந்த கம்பி மொத்தையாகப் பேசும், இறுகியது கணீரென்னும், அவசரப்பட்டு அவரை நான் பார்த்ததே இல்லை.

இன்று முலாம் பூசுகிற கடையில் சக்கரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “புதுசு போட்டுடுங்க சார்” என்றார்கள். மனசு கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து கம்பி பிரஷ்ஷால் நானே தேய்த்தேன். முன் ரிம்மில் வெளியே புள்ளி புள்ளியாகத் துரு, உள்ளே உலோகம் கெட்டி. பின் ரிம் வெளியே பளபளத்தது, நாற்பது நிப்பிள் துளைகளில் இரண்டின் ஓரத்தில் மட்டும் ஊசியால் அழுத்தியபோது இரும்பு பொருக்காக உதிர்ந்தது, முலாமுக்காக அதைத் தேய்த்தால் இன்னும் மெலியும், பாரம் ஏறும்போது நிப்பிள் பிய்த்துக்கொண்டு வரும். பெரியப்பா முகத்தை நினைத்துத் தயங்கினேன், ஆனால் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனவர் இதை ஒரு நாள்கூட ஓட்டியிருக்கமாட்டார்.

பின்னதைக் கழித்துவிட்டேன். முன்னதற்கு உட்புறம் ரெட் ஆக்சைடு அடித்தேன், வெளிப்புறத் தழும்புகளுக்கு முலாம் வேண்டாம் என்று தோன்றியது. சாயங்காலம், எதிர்வீட்டு மாடி மறைத்ததுபோக மிஞ்சிய வெயிலில், துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிக்கொண்டிருக்கிறேன்.