எந்த டாக்டர்?

தமிழில் பெயருக்கா பஞ்சம்? வைத்தியர் இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார், பண்டிதர் இருக்கிறார். யாழ்ப்பாணம் போனால் பரியாரியார் இருக்கிறார். இத்தனை பேர் காத்திருந்தும், குழந்தை இரண்டு தும்மல் போட்டதும் நம் வாயில் வருகிற சொல் என்னவோ 'டாக்டர்'தான்!

"மருத்துவரிடம் போய்விட்டு வருகிறேன், மாமி" என்று பக்கத்து வீட்டில் சொல்லிப் பாருங்கள். "ஏன், டாக்டரிடம் காட்டவில்லையா?" என்று மாமி கேட்டாலும் கேட்பாள். வைத்தியர் என்றால் கஷாயமும் லேகியமும். மருத்துவர் என்றால் மேடைப் பேச்சும் பெயர்ப் பலகையும். டாக்டர் என்றால்தான் ஊசி, மாத்திரை, ஃபீஸ். நம் வீடுகளில் எழுதாத அகராதி இது.

அந்த டாக்டரிலும்தான் எத்தனை வகை! பல் டாக்டர், கண் டாக்டர், எலும்பு டாக்டர், மாட்டு டாக்டர். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் பெரிய டாக்டர், சின்ன டாக்டர். எல்லாருக்கும் மேலே ஒருவர், கைராசி டாக்டர். இங்கிலீஷில் எவ்வளவு தேடினாலும் அவருக்குச் சரியான சொல் அகப்படாது.

'லேடி டாக்டர்' என்ற பெயருக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1875-ஆம் வருஷம் சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்களைச் சேர்த்துக் கொண்டார்கள். அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். ஆண் வைத்தியரிடம் நாடி காட்டவும் கூசிய பெண்கள் உள் அறையிலேயே கிடந்து தவித்த காலம் அது. அவர்களுக்காகவே 1885-இல் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. பழைய மனிதர்களுக்குக் கோஷா ஆஸ்பத்திரி. 1912-இல் அதே மருத்துவக் கல்லூரியிலிருந்து பட்டத்துடன் வெளியே வந்தார் முத்துலட்சுமி ரெட்டி.

நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் என்ன? பத்திரிகை வேலையாக ஒரு நாள் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் காத்திருந்தேன். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புடன் ஓர் இளம்பெண் கட்டில் கட்டிலாக நோயாளிகளைப் பார்த்துக் கொண்டு வந்தாள். "சிஸ்டர், டாக்டர் எப்போது வருவார்?" என்று அவளிடமே கேட்டார் ஒரு பெரியவர். அவள் பின்னால் ஃபைலைத் தூக்கிக் கொண்டு வந்த சிப்பந்தியைப் பார்த்து, "வணக்கம், டாக்டர் ஸார்!" என்று கும்பிடும் போட்டார். அந்தப் பெண் சிரித்துக் கொண்டே அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். தினமும் நாலு தடவை இப்படி நடக்கிறதாம்.

சரி, டாக்டர் என்றால் அர்த்தம் என்ன? லத்தீன் மொழியில் அதன் வேர்ச்சொல்லுக்குக் 'கற்பித்தல்' என்று பொருள். ஆதியில் டாக்டர் என்றால் வாத்தியார்தான்! ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. 1932-இல் சென்னைப் பல்கலைக் கழகம் உ. வே. சாமிநாதையருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. இருமலுக்கு மருந்து கேட்டு யாரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. ஆயுள் முழுவதும் ஏடு தேடி, தமிழ் கற்பித்த அந்தக் கிழவருக்கு அந்தச் சொல்லின் பழைய பொருள் அப்படியே பொருந்திற்று.

சீமையில் இன்னொரு வேடிக்கை. அங்கே கத்தி பிடித்து ஆபரேஷன் செய்கிற சர்ஜனுக்கு 'டாக்டர்' பட்டம் கிடையாது, வெறும் 'மிஸ்டர்'தான். பல்கலைக் கழகத்தில் படித்து மருந்து எழுதிக் கொடுத்தவர் டாக்டர்; தொழிலைக் கூட இருந்து பழகிக் கொண்டவர் சர்ஜன். லண்டனில் 1540 முதல் 1745 வரை நாவிதர்களும் சர்ஜன்களும் ஒரே சங்கத்தில்தான் இருந்தார்கள். நமக்கும் இது புதிதல்ல. முன்பெல்லாம் நம் கிராமங்களில் முடி திருத்துகிறவர்தான் கட்டியைக் கீறி மருந்து வைப்பார். அவர் வீட்டு அம்மாள் பிரசவம் பார்ப்பாள். அவருக்கு மருத்துவர் என்றும், அவளுக்கு மருத்துவச்சி என்றும் பெயர் வந்தது சும்மா இல்லை.

வள்ளுவரும் 'மருந்து' என்ற அதிகாரத்தில் வைத்தியரைப் பற்றிச் சொல்லுகிறார். ஓரிடத்தில் அவரைக் கற்றவன் என்கிறார். அடுத்த குறளில் நோயைத் தீர்ப்பவன் என்கிறார். முதலில் கல்வி, அப்புறம் தீர்வு. இந்த வரிசையை நாம் மறந்து போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே ஓர் அத்தாட்சி உண்டு.

என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. செருப்புக் கடித்துக் காலில் ஒரு சின்னப் புண். தெருக்கோடி மருந்துக் கடையில் ஒருவர் இருந்தார். தங்கமான மனுஷர். ராத்திரி பத்து மணிக்கும் கதவைத் திறப்பார். தெரு முழுக்க அவரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடும். அவர் களிம்பு கொடுத்தார், மாத்திரை கொடுத்தார். பெரியம்மாவுக்கு வலியே இல்லை. அதனால் கவலையும் இல்லை. சர்க்கரை அதிகமானால் காலில் நரம்புகள் மரத்துப் போகும், வலி தெரியாததுதான் பெரிய ஆபத்து என்று அவளுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடினோம்.

"இத்தனை நாள் ஏனம்மா டாக்டரிடம் காட்டவில்லை?" என்று கேட்டார் அங்கிருந்த சர்ஜன்.

"காட்டினேனே! தினமும் டாக்டரிடம்தானே போனேன்!" என்றாள் பெரியம்மா.

"எந்த டாக்டர்?"

பெரியம்மா கடையின் பெயரைச் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. தெருவே கொடுத்த பட்டத்தை நம்பினாள், அவ்வளவுதான். அந்த நம்பிக்கைக்கு விலையாகப் பெருவிரல் போயிற்று.

மருந்துக் கடைக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மருந்தை அறிந்து கொடுப்பது தனிப் படிப்பு. அதற்கு உரிய மரியாதை உண்டு. நர்ஸுக்கும் கம்பவுண்டருக்கும் அப்படியே. அவரவரை அவரவர் பெயரால் கூப்பிட்டால் யாருக்கும் கௌரவம் குறைந்து விடாது. எல்லாரையும் டாக்டராக்கி விடும்போதுதான், யாரிடம் எதற்குப் போவது என்பது நமக்கே மறந்து போகிறது.

வீட்டில் யாருக்கு ஜுரம் வந்தாலும், யாரிடம் அழைத்துப் போவது என்று தீர்மானிப்பது பெரும்பாலும் நாம்தான். புடவை வாங்கும்போது ஜரிகையைத் தேய்த்துப் பார்க்கிறோம். கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுக்கிறோம். டாக்டரிடம் மட்டும் "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்க ஏன் கூச்சம்? டாக்டர்கள் தங்கள் பதிவு எண்ணைக் கிளினிக்கில் தெரியும்படி வைக்க வேண்டும், மருந்துச் சீட்டிலும் போட வேண்டும் என்று 2002-ஆம் வருஷத்து விதிகள் சொல்லுகின்றன. படித்தவர் யாரும் அந்தக் கேள்விக்குக் கோபித்துக் கொள்ள மாட்டார். இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாள் என்று கேட்டால் பொறுமையாகச் சொல்லியும் கொடுப்பார். கற்பிக்கிறவர் என்றுதானே அவர் பெயருக்கே அர்த்தம்!

கைராசி இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், அந்தக் கை எழுதிக் கொடுத்த சீட்டில் எண் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்புறம் பையில் வையுங்கள்.