காதும் கருவியும்

நம் காது மந்தமாகிவிட்ட விஷயம் வீட்டில் கடைசியாகத் தெரிந்தது நமக்குத்தான். "தாத்தா, கதை!" என்று பேத்தி வருவாள். "கடையா? என்ன வாங்க வேண்டும்?" என்போம். முதலில் சிரித்தாள், பிறகு கதை கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதற்குமேல் நமக்குப் பொறுக்கவில்லை.

வயதானால் முதலில் மங்குவது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளே. எனவே உயிரெழுத்துக்கள் காதில் விழும், மெய்யெழுத்துக்கள் நழுவிவிடும். பேசுவது கேட்கும், விளங்காது.

கௌரவத்தை உத்தேசித்து, காதுத் துவாரத்துக்குள் மறையும் கருவியை முதலில் பரீட்சித்தோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஆனால் காது அடைபட்டதால் நம் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கிற்று. அதன் சிறு பாட்டரியை மாற்றுவதற்குள் பாதி நாள் கழிந்தது.

அடுத்தது, காதின் பின்னே அமர்வது. துவாரத்துக்குள் துளையுள்ள மிருதுவான முனை மட்டுமே செல்லும், ஆகவே முழக்கமில்லை. இரவில் பெட்டியில் வைத்தால் மின்சாரம் ஏறிவிடுகிறது. புளூடூத் தயவால் டெலிபோன் பேச்சு நேரே காதுக்கு வருகிறது. கல்யாணப் பந்தியின் இரைச்சலில் மட்டும் இதுவும் சற்றுத் திணறுகிறது.

பிறர் கண்ணுக்குத் தெரிகிறதே என்கிறீர்களா? மூக்குக் கண்ணாடிக்கு வெட்கப்படாத நாம் இதற்கு மட்டும் வெட்கப்படுவானேன்? காதில் தங்கும் கருவியே நல்ல கருவி. மேஜை அறையில் தூங்குவது, எவ்வளவு உயர்ந்ததானாலும், வீண்.

நேற்று பேத்தி மெதுவாகத்தான் கேட்டாள், "தாத்தா, கதை" என்று. நாம் கடைக்குப் புறப்படவில்லை.