அம்பாறை முதலில் வரும் பட்டியல்

இலங்கையின் 25 மாவட்டங்களையும் ஆங்கில அகரவரிசையில் அடுக்கினால் முதலில் நிற்பது எங்கள் அம்பாறை. பெருமைதான். ஆனால் இணையப் படிவம் செய்கிறவனுக்கு அதில் ஒரு தொல்லையும் உண்டு. ட்ரொப்டவுனில் முதற்பெயர் தானாகவே தெரிவாகி நிற்க விட்டால், அவசரத்தில் அதைத் தொடாமல் கடந்துபோகிற பதுளைக்காரரும் காலிக்காரரும் அம்பாறைவாசிகளாகிவிடுவார்கள். பட்டியலின் தலையில் "மாவட்டத்தைத் தெரிவுசெய்க" என்று ஒரு வெறும் வரி வைப்பது அதற்காகத்தான்.

கல்முனையில் இருந்துகொண்டு இணையத்தளம் செய்வது என் தொழில். மருதமுனைக் கைத்தறிச் சாரன் விற்கிற கடைக்கும் முகவரிப் படிவம் வேண்டும், ரியூசன் வகுப்புக்கும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுதி அலுத்துத்தான், எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே ட்ரொப்டவுன் கொம்போனன்ட் செய்ய உட்கார்ந்தேன்.

முதலில் மறித்தது தமிழ். சும்மா விட்டால் கணினி யுனிகோட் எண்ணைப் பார்த்தே பெயர்களை அடுக்கும். அந்த எண்வரிசையில் 'ற' முந்தி, 'ள' பிந்தி. ஆகவே மாத்தறைக்குப் பிறகே மாத்தளை வரும். பள்ளியில் ய ர ல வ ழ ள ற ன என்று படித்தவர் மாத்தளையை அல்லவா முதலில் தேடுவார்? எழுத்து ஒன்று மாறினால் மலைநாட்டுப் பொதி தென்கரைக்குப் போய்ச் சேரும். ஜாவாஸ்கிரிப்டிலேயே மொழிவாரியாக அடுக்கும் வசதி இருக்கிறது. தமிழ் என்று சொல்லிவிட்டால் அது சரியாக அடுக்கும்.

தேடுவதில் இன்னொரு சிக்கல். கொழும்பின் 'கொ'வில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், கொழும்பைத் தேடுகிறவருக்குக் கொழும்பே இல்லை என்று பதில் வரும்.

இவை எந்தப் பட்டியலுக்கும் பொதுவானவை என்பதால் கொம்போனன்டுக்குள் வைத்தேன். ஊர்ப்பெயர் ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை. எல்லைகள் மாறக்கூடியவை: 1961 வரை இந்தக் கரை மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தது. கல்முனையில் பிரதேச செயலக எல்லை எது என்ற வாதமோ வருடக்கணக்காக இழுபடுகிறது; அதை நிரலுக்குள் எழுதிவைக்கிறவன் பாவம்! பட்டியல் வெளியிலிருந்து வரட்டும். ஒரு வரியில் விலையும் காட்டவேண்டும் என்று கடைக்காரர் கேட்டால், அந்த வரியின் தோற்றமும் வெளியிலிருந்தே வரட்டும்.

கொம்போனன்டின் சொந்த வேலை திறப்பதும் மூடுவதும்தான். கேட்கச் சின்ன வேலை. அம்புவிசையால் மேலும் கீழும் நகரவேண்டும். எஸ்கேப் அழுத்தினால் மூடி, திறந்த பொத்தானிலேயே போய் நிற்கவேண்டும். வெளியே தொட்டாலும் மூடவேண்டும். போன் திரையின் அடியில் இடமில்லையென்றால் மேல்நோக்கித் திறக்கவேண்டும். சுற்றியுள்ள பெட்டி பட்டியலைப் பாதியில் வெட்டிவிடவும் கூடாது. பார்வையற்றவர் திரைவாசிப்பானில் கேட்கும்போது, பட்டியல் திறந்திருக்கிறதா, எத்தனையாவது வரியில் நிற்கிறார் என்பதெல்லாம் காதில் விழவேண்டும். அழகாகத் திறந்து மூடுகிற பல ட்ரொப்டவுன்கள் இந்த இடத்தில்தான் ஊமையாகிவிடுகின்றன. எழுதியவர் மௌசைத் தவிர வேறெதையும் தொட்டுப் பார்த்திருக்கமாட்டார்.

இவற்றில் பெரும்பாலானவற்றை எச்.டி.எம்.எல்லின் 'செலக்ட்' சும்மாவே தருகிறது. இப்போது ஒலுவிலில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கல்லூரியாகத் தொடங்கிய அதே 1995இல் வெளிவந்த எச்.டி.எம்.எல் 2.0இலேயே அது இருந்தது. போனில் தொட்டால் போனுக்கே உரிய தெரிவுப்பட்டியல் திறக்கும். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அது பழகிய சாமான். பிறகு ஏன் அதைக் கைவிடுகிறோம்? பெரும்பாலும் நிறத்துக்காகவும் வளைந்த மூலைக்காகவும்தான்.

25 மாவட்டங்களுக்குச் சொந்தமாக ஒன்று கட்டுவது வீண். 14,000க்கு மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் ஒன்றைத் தேடி எடுக்கவேண்டுமென்றால் கட்டத்தான் வேண்டும். நான் செய்தது இப்போது அந்த மாதிரிப் படிவங்களில் மட்டுமே ஓடுகிறது. தோற்றம்தான் குறையென்றால், 2025இல் வந்த குரோம் 135இலிருந்து 'செலக்ட்'டையே விரும்பியபடி அலங்கரிக்கலாம். அந்த வசதி இல்லாத உலாவியில் பழைய 'செலக்ட்' தோன்றும், படிவம் வேலை செய்யும். ஆகவே ஒலுவிலில் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைமாரே, முதலில் 'செலக்ட்'டைப் போட்டுப் பாருங்கள். அதனால் முடியாதது என்னவென்று வாடிக்கையாளர் சொன்ன பிறகு உங்களுடையதை எழுதுங்கள்.