பனிக்கடலின் கருப்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள்; அவற்றைச் சார்ந்து தோன்றும் உணவு, விலங்கு, மரம், புள், தொழில் முதலியன கருப்பொருள். அகத்திணை பயில்வோர் யாவரும் இதனை அறிவர். ஆனர்ஸ் வகுப்பின் சென்ற தேர்வுக்கென யான் இவற்றை ஐந்து திணைக்கும் அட்டவணையாக வகுத்து, நெய்தலுக்குச் சுறா, பாலைக்குப் பருந்து என வாய்பாடு போல ஒப்பித்தேன். நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். அவ்வரிசையில் ஒரு பெயரை நீக்கின் ஏனையவற்றிற்கு யாது நேரும் என்னும் வினா என் உள்ளத்தில் எழுந்ததேயில்லை.

அவ்வினாவை எழுப்பியவர் விடுதியில் என்னோடு ஓரறையில் உறையும் விலங்கியல் நண்பர். மாலை வழிபாடு முடிந்து திரும்பிய ஒருநாள், என் அட்டவணையை நோக்கி நகைத்து, "நீர் பெயர்களைப் படிக்கின்றீர், நாங்கள் அவற்றினிடையே உள்ள உறவைப் படிக்கின்றோம்" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது. பின்னர் அவர் விரித்துரைத்தது பேரிங் கடலைப் பற்றியது. அன்று தொடங்கிப் பல நாள் நூல்நிலையத்தில் அக்கடலைப் பற்றியே படித்தேன். அறிந்தவற்றைச் சுருங்கக் கூறுகின்றேன்.

பேரிங் கடல் ஆசியாவுக்கும் அலாஸ்காவுக்கும் இடைப்பட்டது. ஒரு குறுகிய நீரிணையின் வழியே ஆர்க்டிக் மாக்கடலோடு கலப்பது. அதன் கீழ்பால் அகன்று கிடக்கும் கடலடித் திட்டு 200 மீட்டருக்கும் ஆழங் குறைந்தது. மாரிக்காலத்தில் அதன் வடபகுதியைப் பனிக்கட்டி மூடும். இளவேனிலில் கதிரொளி அப்பனியை ஊடுருவ, அதன் அடிப்புறத்தே நுண்பாசிகள் படர்கின்றன; பனி உருகுங்கால் நீரிலும் பாசி பெருகுகின்றது. அப்பொழுது நீர் மிகவும் குளிர்ந்திருத்தலின் பாசியை மேயும் மிதவையுயிர்கள் சிலவே. ஆகவே உண்ணப்படாது எஞ்சியது கடலடிக்கு வீழ்ந்து, ஆங்குள்ள மட்டிக்கும் புழுவுக்கும் இறாலினத்துச் சிற்றுயிர்க்கும் உணவாகின்றது. மட்டியை நாடி வால்ரஸ் வருகின்றது. சேற்றை உறிஞ்சி அதிலுள்ள சிற்றுயிர்களை வடித்துண்ணச் சாம்பல் திமிங்கிலம் மெக்ஸிகோக் கரையிலிருந்து நெடுந்தொலை நீந்தி வருகின்றது. செயிண்ட் லாரன்ஸ் தீவின் தென்பால் ஈடர் என்னும் கடல்வாத்துகள் பனிவெடிப்புகளினூடே மூழ்கி மட்டி கொள்கின்றன.

பனிக்கட்டி செய்யும் உதவி இன்னும் ஒன்றுண்டு. மாரியில் உண்டான கடுங்குளிர்நீர் கோடையிலும் கடலடியில் 2 பாகைக்குக் குறைந்த வெப்பத்தோடு தங்கிநிற்கும். இதனைக் குளிர்க்குட்டை என்னலாம். தென்பாலுள்ள காட், பொல்லாக் என்னும் மீன்கள் அக்குளிரை விரும்பா. ஆதலின் அது கண்ணுக்குப் புலனாகாத வேலியாக நின்று அவற்றைத் தடுத்தது. இளம் பனிநண்டுகள் அவ்வேலியினுள்ளே அச்சமின்றி வளர்ந்தன.

2017–18 மாரியில் பேரிங் கடற்பனி முன்னெப்பொழுதும் அளந்தறியாத அளவு குறைந்தது. 2018-ஆம் ஆண்டுக் கோடையில் குளிர்க்குட்டை ஏறத்தாழ மறைந்தே போயிற்று. வேலி நீங்கவே காட் மீனும் பொல்லாக்கும் திரள்திரளாக வடக்கே புகுந்தன. 2018 முதல் 2021 வரை 1,000 கோடிக்கு மேற்பட்ட பனிநண்டுகள் காணாமற் போயின. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, அவை பெரும்பாலும் பசியால் மடிந்திருத்தல் வேண்டுமெனத் துணிந்தது. நீரின் வெப்பம் 0 பாகையிலிருந்து 3 பாகைக்கு உயரின் நண்டுக்கு வேண்டும் உணவு ஏறத்தாழ இருமடங்காகின்றது. நண்டுகளோ அக்காலத்தில் மிகப் பல்கியிருந்தன. 3 பாகை நமக்கு நடுக்குங் குளிர். அவற்றிற்கோ அதுவே பஞ்சம்.

2022-ஆம் ஆண்டு அக்டோபரில் அலாஸ்காவில் பேரிங் கடற் பனிநண்டுப் பிடிப்பு முதன்முறையாக முற்றும் நிறுத்தப்பட்டது. அந்நண்டின் வருவாயை நம்பியிருந்த செயிண்ட் பால் தீவினர் தம் ஊர்க்கு நெருக்கடி நேர்ந்ததென அறிவித்தனர். 2024-ஆம் ஆண்டிலேதான் சிறிய அளவில் மீண்டும் பிடிக்க இசைவு கிடைத்தது.

இவற்றைப் படித்தபின் என் அட்டவணையை மீண்டும் எடுத்து நோக்கினேன். உணவும் விலங்கும் புள்ளும் தொழிலும் ஒரே வரிசையில் நிற்பது ஏன் என்பது அப்பொழுதே எனக்கு விளங்கிற்று. பனிக்கடியிற் படரும் பாசிக்கும் தீவிலுள்ளான் ஒருவனது அடுப்புக்கும் இடையே அறாத தொடர்பு உண்டு. மேலே பனி குறையின் கீழே அடுப்பு அவியும்.

ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்து வந்து நிற்பின் வந்த நிலத்திற்கே உரியனவாகக் கொள்ளப்படும் என்பது தொல்காப்பியர் விதி. செய்யுளுக்கு அவ்விதி இனிதே. ஆனால் செய்யுளில் வந்து சேரும் புள் ஆங்கிருப்பதை உண்பதில்லை. கடலில் வந்து சேரும் மீன் உண்கின்றது. ஐரோப்பாவின் வடக்கேயுள்ள பாரன்ட்ஸ் கடலிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2004-க்கும் 2012-க்கும் இடையே காட் முதலிய தென்பால் மீன்கள் வடக்கே பரவ, கடலடியை நம்பி வாழும் வடபுலத்துச் சிறுமீன்கள் பின்வாங்கின. பின்வாங்குதற்கும் ஓர் எல்லையுண்டன்றோ? அப்பால் ஆழமற்ற திட்டு முடிந்து ஆழ்கடல் தொடங்குகின்றது.

முதற்பொருளை முதல் என்றது எண்ணுமுறையில் முன்னிற்றலால் மட்டும் அன்று. அது பெயரின் ஏனைய நில்லா என்பதனாலுமாம் என்று இன்று கருதுகின்றேன்.

நண்பருக்குக் கைம்மாறாக இப்பொழுது யான் அகத்திணையியல் கற்பித்து வருகின்றேன். முதல் நாளிலேயே அவர், "நெய்தற் சுறா எதனை உண்டு வாழ்கின்றது?" என வினவினார். என் அட்டவணையில் அதற்கு விடையில்லை. தேடிக்கொண்டிருக்கின்றேன்.