கூத்தாடிய பல்கலைக்கழகம்

"கூத்தடிக்காதே!" என்று பிள்ளைகளை அதட்டாத வீடு நம்மில் உண்டா? வேலைவெட்டி இல்லாமல் திரிகிறவனைக் "கூத்தாடி" என்று ஏசுவதும் உண்டு. "கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்ற பழமொழியைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒருவன் எப்போது விடியும் என்று ஏங்குகிறான். மற்றவன் எப்போது பொழுது சாயும் என்று ஏங்குகிறான். இருவருடையதும் முதுகொடியும் உழைப்புத்தான். ஆனால் கூலிக்காரனுக்குக் கிடைக்கிற மரியாதைகூடக் கூத்தாடிக்குக் கிடைப்பதில்லை.

இப்படிப்பட்ட கூத்தை ஒரு பல்கலைக்கழகமே எடுத்து ஆடியது என்றால் நம்புவீர்களா? கடலுக்கு அப்பால், இலங்கையின் பேராதனையில், 1960-களில் அது நடந்தது. ஆனால் கதையைக் கடலுக்கு இப்பாலிருந்தே தொடங்க வேண்டும்.

எங்கள் வளையமாதேவியிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் சிதம்பரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931-ல் தமிழ்ப் பேராசிரியராக வந்து அமர்ந்தவர் சுவாமி விபுலானந்தர். மட்டக்களப்புச் சீமையில் காரைதீவில் பிறந்தவர். 'யாழ் நூல்' எழுதியவர் என்று அவரைப் பலருக்கும் தெரியும். அதற்கு முன்பே, 1926-ல், 'மதங்க சூளாமணி' என்று ஒரு நாடக நூலை அவர் எழுதியிருக்கிறார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் நம் பழைய நாடக இலக்கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற நூல் அது. பின்னர் 1943-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவர் போனார். 1947-ல் அவர் மறைந்தபின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் க. கணபதிப்பிள்ளை. அவரும் நம் சிதம்பரத்தில் படித்தவரே.

கணபதிப்பிள்ளை கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவ்வளவு படித்தவர் நாடகம் எழுதினால் செந்தமிழ் மழையாகப் பொழியும் என்றுதானே நினைப்போம்? அவரோ யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆச்சியும் அப்புவும் பேசுகிற பேச்சை அப்படியே மேடையில் ஏற்றினார். 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' என்ற பெயர்களைக் கேட்டாலே சிரிப்பு வருகிறதல்லவா? இன்னொரு பக்கம், ஹர்ஷனின் 'ரத்னாவளி' என்ற வடமொழி நாடகத்தை 'மாணிக்கமாலை' என்று தமிழாக்கினார். யாழ்ப்பாணத்தின் கடைசி மன்னர்களில் ஒருவனான சங்கிலியைப் பற்றியும் ஒரு நாடகம் எழுதினார். சிரிப்பு, காவியம், சரித்திரம் என்று மூன்று வகையும் மாணவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

கிடைக்காமல் இருந்தது ஒன்றுதான். அதுதான் கூத்து.

இங்கே 1956-ம் வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துக் கொள்ளுங்கள். அந்த ஆண்டு இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. நவம்பர் 3-ம் தேதி கொழும்பில் 'மனமே' என்ற சிங்கள நாடகம் அரங்கேறியது. பேராதனைப் பேராசிரியர் சரச்சந்திர, பல்கலைக்கழக மாணவர்களை வைத்து அதை நடத்தினார். அவருக்கு ஆட்டமும் பாட்டும் சொல்லிக் கொடுத்தவர் கிராமத்து 'நாடகம' ஆசிரியர் ஒருவர். அந்த 'நாடகம' கலையோ தமிழ்க் கூத்திலிருந்து பிறந்தது! அதே நவம்பரில்தான் எங்கள் பக்கத்தில் நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் பதிவாயிற்று என்பதை ஒரு வேடிக்கைக்காகச் சொல்லி வைக்கிறேன்.

'மனமே'யின் வெற்றியைப் பார்த்த தமிழ் விரிவுரையாளர் ஒருவருக்கு மனம் துடித்தது. அவர்தான் சு. வித்தியானந்தன். "நம் வீட்டு விதை அடுத்த வீட்டில் மரமாகிக் காய்க்கிறது, நம் முற்றம் மட்டும் வெறுமையாக இருக்கிறதே!" என்று தோன்றியிருக்காதா? அவர் மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் கிராமம் கிராமமாகப் போனார். மறைந்துகொண்டிருந்த கூத்துகளை ஆடச் சொல்லிப் பார்த்தார். ஏட்டில் கிடந்தவற்றை அச்சிட்டார்.

மட்டக்களப்புக் கூத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. அதில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை உண்டு. ஊர் நடுவே வட்டமாகக் களரி போடுவார்கள். சுற்றிலும் சனம் உட்கார்ந்திருக்கும். மத்தளத்தோடு நடுநாயகமாக நிற்பவர் அண்ணாவியார். அவர்தான் குரு. யாருக்கு என்ன வேஷம் என்று பிரித்துப் பாட்டைக் கொடுப்பதிலிருந்து சதங்கை அணிவது, அடுக்குப் பார்ப்பது, அரங்கேற்றுவது வரை ஒவ்வொன்றும் ஊர்த் திருவிழா. அந்தி சாய்ந்தபின் தொடங்கினால் விடிய விடிய ஆட்டம்.

இந்த அண்ணாவியாரைத்தான் வித்தியானந்தன் பேராதனைக்கு அழைத்து வந்தார். மலையும் மகாவலி ஆறும் சூழ்ந்த அந்த அழகான வளாகத்தில், சட்டையும் காற்சட்டையும் போட்ட மாணவர்கள் வயற்காட்டிலிருந்து வந்தவரிடம் கைகட்டி நின்று தாளக்கட்டுப் பயின்றார்கள். மாணவிகளும் ஆடினார்கள். காலங்காலமாகப் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்த கலை அது! 1962-ல் 'கர்ணன் போர்' அரங்கேறியது. 1963-ல் 'நொண்டி நாடகம்', 1964-ல் 'இராவணேசன்', அதன்பின் 'வாலிவதை' என்று தொடர்ந்து வந்தன. இராவணேசனாக ஆடியவர் மட்டக்களப்பிலிருந்து படிக்க வந்திருந்த மாணவர் சி. மௌனகுரு. பின்னாளில் அவரே பேராசிரியராகி, மட்டக்களப்பில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவர்களை வைத்து அதே 'இராவணேசன்' கூத்தை மறுபடி மேடையேற்றினார். இடையில் அந்தத் தேசம் எத்தனை ரத்தம் பார்த்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் நல்லதாகவே நடந்ததா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விடிய விடிய ஆடிய கூத்து, நகரத்து மேடைக்காக ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. நான்கு பக்கமும் பார்த்து ஆடியவர்கள், இப்போது ஒரே பக்கம் பார்த்து ஆடினார்கள். "இது கூத்தா, கூத்தின் படமா?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் 'கர்ண மோட்சம்' ஆடும்போது, போருக்குக் கிளம்பும் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் ஒரு யுகமாக நீளும். மடியில் குழந்தை தூங்க, பாயில் உட்கார்ந்தபடியே பெண்கள் அழுது தீர்ப்பார்கள். அவசரப்படாத அந்த அழுகையைக் கடிகாரம் பார்த்து ஆடுகிற மேடை எப்படித் தரும்?

ஆனாலும் என் கட்சி வித்தியானந்தன் கட்சிதான். ஏன் தெரியுமா? கூத்து சுருங்கியது என்றாலும், கூத்தாடியின் தலை நிமிர்ந்தது. "படித்த பிள்ளைகளே ஆடுகிறார்கள்" என்று தெரிந்தபோது, வெட்கப்பட்டு விட்டுவிட்ட ஊர்களுக்கும் தங்கள் கலைமேல் மதிப்பு வந்தது. அதோடு, முழு இரவுக் கூத்து கிராமத்தில் ஆடத் தடையில்லை; மேடை அதைப் பறித்துக் கொள்ளவில்லையே!

எங்கள் ஊரில் இருந்து இதை எழுதுவதற்கும் காரணம் உண்டு. நிலக்கரி வெட்டத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் எத்தனையோ கிராமங்கள் இடம் பெயர்ந்துவிட்டன. வீட்டுக்கு விலை போடலாம், நிலத்துக்கு நஷ்ட ஈடு கொடுக்கலாம். கோயிலுக்கு முன்னால் இருந்த கூத்துத் திடலுக்கு எந்தக் கணக்கில் விலை போடுவது? புது இடத்தில் வரிசை வரிசையாக வீடுகள் வரும். ஊர் கூடி விடிய விடிய உட்காரும் மண் வருமா? திடல் போனபின் கூத்து எங்கே போய் நிற்கும்? ஒரு பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ அதற்கு ஒரு மூலை கிடைத்தால்தான் உண்டு. பேராதனை காட்டிய வழி அது.

மட்டக்களப்புப் பக்கத்துப் பாண்டிருப்பிலும் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. அங்கேயும் தீமிதி உண்டு. கடல் நடுவில் கிடந்தாலும் தாய் ஒருத்திதான்.

சகோதரிகளே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் சொந்த ஊரில் இந்த வருஷம் கூத்து வைத்தால், பிள்ளைகளின் பரீட்சையைச் சாக்குச் சொல்லாமல் ஓர் இரவு அழைத்துக்கொண்டு போங்கள். ஒரு பாயும், ஒரு போர்வையும், கொஞ்சம் முறுக்கும் போதும். நடுச்சாமத்தில் தூங்கிப் போனால் போகட்டும். மத்தளச் சத்தம் தூக்கத்திலும் காதில் ஏறும். விடிந்ததும் வேஷம் கலைக்காத கர்ணனிடம் கூட்டிப் போய், "கும்பிட்டுக்கோ" என்று சொல்லுங்கள்.