நாலு நட்சத்திரப் பந்து

ஒன்பது வயது மகனுக்குத் துணையாக உட்கார்ந்துதான் ‘டிராகன் பால்’ தொடரை முதல் அத்தியாயத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு அது தெரிந்த கதை என்றுதான் நினைத்திருந்தேன். 2000களின் தொடக்கத்தில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ‘டிராகன் பால் இசட்’ ஓடியபோது, ட்யூஷனுக்கு மட்டம் போட்டுப் பார்த்த கூட்டத்தில் நானும் உண்டு. ஆனால் நாங்கள் பார்த்தது கதையின் பின்பாதி. கோகு வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகு நடப்பது. 1986 முதல் 1989 வரை ஜப்பானில் ஒளிபரப்பான 153 அத்தியாயங்கள், அதாவது கோகு வாலோடு திரிந்த காலம், எனக்குத் தெரியவே தெரியாது.

அகிரா தோரியாமா இந்தக் கதையை வரையத் தொடங்கியது 1984இல். சீனத்தின் ‘மேற்குப் பயணம்’ கதையில் வரும் குரங்கு வீரனின் பெயரைத்தான் ஜப்பானிய உச்சரிப்பில் சோன் கோகு என்கிறார்கள். நீளும் கோல், ஏறிப் பறக்கும் மேகம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. இதையெல்லாம் மகனுக்கு விளக்கினேன். அவன், “சரிப்பா, பேசாம பாருங்க” என்றான்.

மலைக்காட்டில் தனியாக வாழும் ஒரு பொடியன். வளர்த்த தாத்தா கோஹான் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போனது நாலு நட்சத்திரம் பதித்த ஒரு பந்து. அதைத்தான் தாத்தா என்று நினைத்துக்கொண்டு பேசுகிறான். ஏழு பந்துகள் சேர்ந்தால் ஒரு டிராகன் வந்து வரம் கொடுக்கும் என்று தேடிக்கொண்டு நகரத்திலிருந்து புல்மா வருகிறாள். மற்றவர்களுக்கு அது வரம் தரும் பந்து, இவனுக்குத் தாத்தா. பின்னால் இவன் ஒரு பெரிய ராணுவத்தையே தனியாளாக அழிக்கிறான். அந்தச் சண்டை தொடங்கியதே, சிதறிப்போன தாத்தா பந்தைத் தேடி இவன் கிளம்பியதால்தான்.

எல்லாமே இனித்தது என்று சொல்ல மாட்டேன். குரு ரோஷி பெண்களிடம் அடிக்கும் கூத்துகள் எண்பதுகளில் ஜப்பானில் சிரிப்பாக இருந்திருக்கலாம். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது கை ரிமோட்டுக்குத்தான் போனது. “அவர் செய்றது தப்புதானே?” என்று அவனே கேட்டான். தப்புதான் என்றேன். அதே கிழவர் சீடர்களின் முதுகில் ஆமை ஓட்டைக் கட்டி, விடியற்காலையில் பால் ஊற்றவும் வெறுங்கையால் வயலை உழவும் அனுப்புகிறார். பிறகு மாறுவேடத்தில் போட்டிக்கு வந்து, இவர்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடக்கூடாது என்பதற்காகவே தோற்கடிக்கிறார். நல்ல வாத்தியாரும் கேவலமான ஆளும் ஒரே உடம்பில் இருப்பதைப் பிள்ளைக்கு விளக்குவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆனால் எங்களை நிறுத்தியது வேறொரு இடம். பிலாஃப் என்பவனின் கோட்டையில், கண்ணாடிக் கூரை போட்ட அறையில் எல்லாரையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். மேலே பௌர்ணமி நிலா. கோகு சாவகாசமாகச் சொல்கிறான்: முழு நிலாவைப் பார்க்கக் கூடாதென்று தாத்தா சொல்லியிருக்கிறார், பௌர்ணமியன்று ஒரு பூதம் வரும், தாத்தாவை மிதித்துக் கொன்றது அதுதான். அவர் இறந்த ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தபோது நிலாவைப் பார்த்ததாகவும் சொல்கிறான். கூட இருப்பவர்களின் முகம் வெளுக்கிறது. அந்த நேரத்தில் அவன் நிமிர்ந்து நிலாவைப் பார்த்துவிடுகிறான். ராட்சதக் குரங்காகிக் கோட்டையையே இடிக்கிறான். வாலை வெட்டிய பிறகுதான் அடங்குகிறான். விடிந்ததும் அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நண்பர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மகன் என்னைப் பார்த்தான். “ஏம்ப்பா யாரும் சொல்லல? அவன் தாத்தாவ அவனேதானே...”

“சின்னப் பையன்டா” என்றேன். அவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும் போதவில்லை.

எனக்கு ஆறு வயதில் தாத்தா இறந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். மூன்று வாரம் கட்டிலில் கிடந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பேன். “வழுக்கிடுச்சுடா ராசா” என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னதும் ஞாபகமிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில், பழைய கதை பேசிக்கொண்டிருந்த அத்தை வாய்தவறிச் சொன்னாள். என் பட்டம் வேப்பமரத்தில் சிக்கிக்கொண்டு நான் அழுது அழுது தூங்கிப்போயிருக்கிறேன். எழுந்ததும் கையில் கொடுக்கலாம் என்று தாத்தா ஏணி போட்டு ஏறியிருக்கிறார். நான் எழுந்தபோது பட்டம் தலைமாட்டில் இருந்தது. அதுவும் எனக்கு ஞாபகமிருக்கிறது. யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டதாக மட்டும் ஞாபகமில்லை.

“உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அப்பாதான் சத்தியம் வாங்கினார்” என்றாள் அத்தை. அன்றிலிருந்து எனக்கு வீட்டார் மேல் ஒரு கோபம் இருந்தது. முப்பது வருஷம் எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாற்றியதுபோல.

தொடரில் பிறகு, குறி சொல்லும் கிழவி ஒருத்தியிடம் உதவி கேட்டுப் போகிறார்கள். அவளுடைய ஐந்து வீரர்களை ஜெயித்தால்தான் குறி சொல்வாள். கடைசி ஆள் முகமூடி போட்டிருக்கிறான், தலைக்கு மேல் ஒளிவட்டம். சண்டையின் முடிவில் முகமூடியைக் கழற்றினால் தாத்தா கோஹான்! செத்தவருக்குப் பூமியில் ஒரே ஒரு நாள். அதைப் பேரனோடு மல்லுக்கட்டி, அவன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று பார்ப்பதில் செலவழிக்கிறார். அதுவரை எதற்கும் அசராத பையன் அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறான். கோகுவுக்குக் குரல் கொடுத்த மசாகோ நொசாவா அப்போது ஐம்பதை ஒட்டிய பெண்மணி. அந்த அழுகையில் வயதே தெரியவில்லை. தன்னைக் கொன்றது யார் என்ற பேச்சையே தாத்தா எடுக்கவில்லை. மகன் பக்கம் திரும்பாமல் நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு அவன் தூங்கிய பிறகு, ‘இசட்’டில் ஒரு காட்சியைத் தேடிப் போட்டேன். வெஜிட்டா செயற்கையாக ஒரு நிலாவை உண்டாக்கி ராட்சதக் குரங்காக மாறுகிறான். அந்த உருவத்தைப் பார்த்த கணத்தில்தான் கோகுவுக்குப் புரிகிறது. தாத்தாவை மிதித்தது தான்தான் என்று. செத்து மேலே போனதும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று மனதுக்குள் தாத்தாவிடம் சொல்லிவிட்டு, எதிரே நிற்பவனோடு சண்டையைத் தொடர்கிறான். சில நொடிகள்தான். பள்ளிக்கூட வயதில் இதை நிச்சயம் பார்த்திருக்கிறேன். அடுத்த அடி எப்போது விழும் என்று காத்திருந்திருப்பேன். முன்கதை தெரியாதவனுக்கு அதில் வேறென்ன இருக்கிறது?

அவனுக்கு உண்மை தெரியவந்தபோது அவன் வளர்ந்த ஆள். அவனுக்கும் ஒரு பிள்ளை இருந்தது. அதைத் தாங்குகிற வயசு வரும்வரை மற்றவர்கள் அவனுக்காகச் சுமந்திருந்தார்கள். சொல்லாமல் விட்டது சரியா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. ஆனால் ஏமாற்று என்று இப்போது சொல்ல வரவில்லை.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே மகன் கேட்டான்: “கோகுவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதாப்பா?”

“தெரியும்டா. பெரியவனானதும் தெரியும்.”

“அழுவானா?”

“அப்ப அழ நேரமிருக்காது” என்றேன்.

அவன் பள்ளிக்கூடம் போனதும் அத்தைக்குப் போன் போட்டேன். கல்யாண வீட்டுக்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பட்டம் என்ன நிறம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சிவப்புடா” என்றாள், “வால் மட்டும் மஞ்ச.”