சொலெம் மடத்தில் கற்ற ஒரு சிறு குறி

"சுவாமி, இந்தப் புத்தகத்தில் ஏன் இத்தனை நட்சத்திரங்கள்?" என்று எங்கள் பங்கின் பீடச் சிறுவன் ஒருவன் ஒரு நாள் என்னைக் கேட்டான். என் கையிலிருந்த திருப்புகழ்மாலையை அவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "வரியின் பாதியைக் காட்டும் குறி, தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தேன். சொன்னது சரியான விடைதான். ஆயினும் அதன் பொருளை நான் அறியவில்லை என்பது, கடல் கடந்து ஒரு மடத்துக்குச் சென்றபோதுதான் எனக்கு விளங்கியது.

2018-ஆம் ஆண்டுக் கோடையில், பிரான்சு நாட்டிலுள்ள சொலெம் என்னும் சிற்றூரில் சில நாள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. பாரீசிலிருந்து இரயிலில் சாப்லே நிலையத்தில் இறங்கினால் மடம் சுமார் 3 கிலோமீட்டர். சார்த் ஆற்றின் கரையில் கோட்டைபோல் உயர்ந்து நிற்கிறது புனித இராயப்பர் மடம். 1010-ஆம் ஆண்டில் தொடங்கிய இத்துறவகம் பிரெஞ்சுப் புரட்சியில் கலைக்கப்பட்டது. 1833 ஜூலை 11 அன்று, புனித ஆசீர்வாதப்பர் திருநாளில், கெராஞ்சே என்னும் இளங்குரு அதனை மீண்டும் உயிர்ப்பித்தார். 1901-இல் துறவிகள் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்து, இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்து, 1922-இல் திரும்பினார்கள்.

கிரகோரியன் இசையை அறிந்தோர் இம்மடத்தை அறிவர். பழங்காலத்து ஏட்டுச் சுவடிகளில், பாடல் வரிகளுக்கு மேலே எறும்பு ஊர்ந்தாற்போல் சிறு கோடுகளும் புள்ளிகளும் காணப்படும். அவற்றின் பொருள் மங்கிப்போயிருந்த காலத்தில், இத்துறவிகள் சுவடிகளைத் தேடிச் சென்று, நிழற்படம் எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1889 முதல் நூல் நூலாக வெளியிட்டார்கள். சின்னஞ்சிறு குறிகளை மதித்துப் படித்தவர்களின் இல்லம் அது. அங்கேதான் என் அறியாமை வெளிப்பட்டது.

ஞாயிறு மாலை 5 மணிக்கு மாலைச் செபம். விருந்தினரைக் கவனிக்கும் துறவி இலத்தீன் நூல் ஒன்றை என் கையில் கொடுத்தார். முதல் திருப்பாடல் 110-ஆவது. எனக்கு நன்கு பழக்கமானதாகையால், நானும் மெல்லிய குரலில் சேர்ந்துகொண்டேன். முதல் வரியின் நடுவே விண்மீன் குறி வந்தது. துறவிகள் அனைவரும் சட்டென்று நின்றார்கள். நான் நிற்கவில்லை. கல்தளமிட்ட அந்தப் பெரிய கோவிலில் என் குரல் மட்டும் தனியாக ஒலித்தது. வெட்கத்தால் என் முகம் சிவந்தது. அடுத்த வரியிலும் அதே கதை. மூன்றாம் வரியில் வாயை மூடிக்கொண்டேன்.

செபம் முடிந்தபின் அந்தத் துறவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் புன்னகைத்து, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார்: "தந்தையே, அந்த இடத்தில் நாங்கள் மூச்சு எடுக்கிறோம். எங்களுள் முதியவர்கள் உண்டு. அவர்கள் மூச்சு எடுத்து முடிக்கும்வரை இளையவர்கள் காத்திருப்பார்கள்."

அன்றிரவு என் அறையில் செபநூலைப் புதிய நூல்போல் புரட்டினேன். நீங்களும் அறிந்துகொள்வது நலம். எபிரேயக் கவிதையில் ஒவ்வொரு வரியும் பெரும்பாலும் இரு பாதிகளாய் அமையும். முதற் பாதி சொன்னதை இரண்டாம் பாதி வேறு சொற்களால் தொடரும். அந்த எல்லையில் நிற்பதே விண்மீன் குறி (*). வரி மிக நீண்டால் அதற்கு முன்னரே சிறு சிலுவைபோன்ற குறி (†) வரும். அங்கே குரலைச் சற்றே தாழ்த்தித் தொடர வேண்டும். முன்மொழியில் விண்மீன் வந்தால், அதுவரை ஒருவர் பாட, பின்னர் அனைவரும் சேர்வர். மறுமொழிப் பாடலில் வந்தால், அங்கிருந்து திரும்பப் பாட வேண்டிய பகுதி தொடங்குகிறது. சிவப்பு மையில் உள்ளவை வாயால் சொல்வதற்கல்ல, செய்வதற்கான குறிப்புகள். நூலின் பட்டு நாடாக்கள் நாளுக்கும் திருநாளுக்கும் உரிய பக்கங்களைக் காத்து நிற்பவை.

இவை யாவும் ஒருவர் மற்றவரோடு சேர்ந்து செபிப்பதற்காக ஏற்பட்டவை. நானோ இருபத்தைந்து ஆண்டுகளாக அந்நூலைத் தனியே, பேருந்து நிலையத்திலும், நள்ளிரவுக்குச் சற்று முன்னரும், கடனைத் தீர்ப்பவன்போல் ஓட்டமாய்ச் சொல்லி வந்திருந்தேன்.

அப்போது என் தாயாரின் நினைவு வந்தது. எங்கள் வீட்டுச் செபமாலையில் முற்பாதியை ஒருவர் சொல்ல, பிற்பாதியை மற்றவர்கள் சொல்வது வழக்கம். குருவான பின் விடுமுறையில் செல்லும்போதெல்லாம் நானே முற்பாதியைச் சொல்வேன். அம்மா பிற்பாதியை முடிக்கும் முன்பே அடுத்ததைத் தொடங்கிவிடுவேன். ஒரு நாள் அவர்கள் சிரித்துக்கொண்டே, "என்ன சாமி, பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சா?" என்றார்கள். நானும் சிரித்தேன். ஆனால் திருந்தவில்லை.

ஊர் திரும்பியதும் முதலில் அம்மாவிடம் சென்றேன். அதற்குள் அவர்கள் படுக்கையில் விழுந்திருந்தார்கள். மாலையில் கட்டிலருகே அமர்ந்து செபமாலையைத் தொடங்கினேன். பிற்பாதி அவர்களிடமிருந்து சொல் சொல்லாக, மூச்சு வாங்கி வாங்கி வந்தது. நான் காத்திருந்தேன். ஐந்து பத்துகளும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. முடிந்தபின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்குத்தான் சாமி என்கூட செபம் சொன்னீங்க" என்றார்கள். அடுத்த தவக்காலத்தில் இறைவனிடம் சென்றார்கள். எத்தனை விடுமுறைகளை நான் வீணாக்கினேன் என்பதை அவர்களின் கல்லறையருகே எண்ணிப் பார்க்கிறேன்.

திருப்புகழ்மாலை குருக்களுக்கும் துறவியருக்கும் மட்டும் உரியதன்று. பொதுநிலையினரும் அதைச் செபிக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம் அழைக்கிறது. நூல் கிடைத்தால் குடும்பமாகச் செபித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் செபமாலை இருக்கவே இருக்கிறது. இன்று மாலை வீட்டிலுள்ள பாட்டியோ, நாக்குத் திருந்தாத குழந்தையோ தம் பாதியைச் சொல்லி முடிக்கட்டும். அதன்பின் அடுத்ததைத் தொடங்குங்கள்.

அந்தப் பீடச் சிறுவனை மறுபடியும் கண்டபோது, "தம்பி, நட்சத்திரம் வந்தால் நிற்க வேண்டும்; பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கட்டும்" என்றேன். அவன் தலையசைத்தான்.